பிள்ளை பெற்ற வயல்

என் தம்பி கேஷவ் மேற்கே ஒரு புலிகள் காப்பகத்தில் ஆராய்ச்சியாளன். காட்டில் கேமரா கட்டி வைத்து, படத்தில் விழும் கோடுகளைப் பார்த்து, இது எந்தப் புலி என்று கண்டுபிடிப்பது அவன் தொழில். புலிக்குக் காடு வேண்டும், காட்டை வெட்டி மனை போடாதீர்கள் என்று கல்லூரி கல்லூரியாகப் போய்ப் பேசுவான். கை தட்டுவார்கள். அப்படிப்பட்டவன் போன தை மாதம், சம்பா அறுவடை நேரம் பார்த்து ஊருக்கு வந்து இறங்கியது எதற்கென்று நினைக்கிறீர்கள்? அப்பாவின் வயலில் தன் பங்கை மனை போடுகிறவருக்கு விற்க. ஊருக்குத்தான் உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்!

எங்களுக்கு இருப்பது அரை வேலி. மூன்று ஏக்கருக்குச் சற்று மேலே வரும். கூத்தாநல்லூருக்குத் தெற்கே, பாசன வாய்க்காலை ஒட்டிய நிலம். அப்பா சந்தானகிருஷ்ணன் போன பிறகு டீச்சர் வேலையை விட்டுவிட்டு நான்தான் அதில் உழுது நட்டு அறுக்கிறேன். பாகம் பிரித்தால் வாய்க்கால் ஓரம் தம்பிக்குப் போகும். அங்கே மனை விழுந்துவிட்டால் என் பங்குக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் வராது. அவன் பாதியை விற்றால் என் பாதியும் செத்தது என்று அர்த்தம். இதை அவனுக்குப் போனில் சொன்னேன், நேரில் சொன்னேன், தட்டில் சோறு போட்டுக்கொண்டே சொன்னேன்.

"நீயும் வித்துடுக்கா. எத்தனை நாளைக்கு இப்படி வெயில்ல காயுவே? தஞ்சாவூர்ல ஒரு ஃப்ளாட் வாங்கிக்கிட்டு நிம்மதியா இரு" என்றான்.

"எலி வளைன்னாலும் தனி வளை வேணும்டா. உன்கிட்ட நான் ஃப்ளாட்டு கேட்டேனா?"

பத்திரப் பதிவுக்கு வெள்ளிக்கிழமை நாள் குறித்தாகிவிட்டது. வாங்குகிறவர் மன்னார்குடி தியாகராசன். எங்கள் மேற்கு வரப்பைத் தாண்டினால் அவர் போட்ட மனைதான். நெல் விளைந்த இடத்தில் இப்போது வெள்ளைக் கல்லும் கலர்க் கொடியும் நிற்கின்றன. மனுஷர் கெட்டவர் இல்லை, பேசினால் தேன். எனக்கு அதுதான் இன்னும் எரிச்சல்.

புதன்கிழமை அறுப்பு வைத்தேன். வெள்ளிக்கிழமை மழை என்று டிவியில் சொல்லிவிட்டான். பதிவும் மழையும் ஒரே நாளில் வருகிறது, நல்ல பொருத்தம்தான் என்று நினைத்துக்கொண்டேன். காலையில் கேஷவ் தியாகராசனோடு பத்திர எழுத்தர் வீட்டுக்குப் போய்விட்டான். அக்கா கடைசித் தடவையாக அறுக்கிறாளே, வரப்பில் வந்து ஒரு நிமிஷம் நிற்போம் என்று தோன்றவில்லை பாருங்கள்.

அறுவடை மிஷின் ஜெக்கரியா பாயுடையது. துபாயில் சம்பாதித்து வந்து கூத்தாநல்லூரில் மிஷின் வாங்கிப் போட்டவர். டிரைவர் பொங்கலுக்குப் போய்த் திரும்பாததால் அன்றைக்கு அவரே ஓட்டினார். மிஷின் அறுப்பு எப்போதும் வரப்போரம் தொடங்கி, சுற்றிச் சுற்றி உள்ளே வரும். வயலில் இருக்கிற எலி, காடை, பாம்பு எல்லாம் சத்தத்துக்குப் பயந்து நடுவே ஒதுங்கும். கடைசியில் நடுவில் ஒரு திட்டு மிஞ்சும்போது கொக்குகளும் பருந்துகளும் பந்திக்கு வந்த மாதிரி சுற்றி நிற்கும்.

அந்த நடுத்திட்டில் மிஷினை இறக்கப் போனவர் சட்டென்று நிறுத்தினார். சீட்டின் மேல் ஏறி நின்று கத்தினார்.

"யா அல்லா! தங்கச்சி, புலி! புலி ஓடுது!"

நான் பார்த்தபோது செம்பழுப்பாக ஏதோ ஒன்று அறுத்த தாளடியில் பாய்ந்து வாய்க்கால் பக்கம் மறைந்தது. திட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். சாய்ந்த கதிருக்கு அடியில் மூன்று குட்டிகள். கண் திறந்திருந்தது. உடம்பெல்லாம் கோடு, வாலில் வளையம். சாக்குப் பிடிக்க வந்த ஆட்கள் அத்தனை பேரும் ஓடி வந்தார்கள்.

"கோடு இருக்கு பாருங்க. புலிக்குட்டியேதான்" என்றார் ஒருவர்.

"புலி எங்கேருந்துய்யா இங்க வரும்? மலையா இருக்கு, காடா இருக்கு?"

"அவங்க தம்பியைத் தேடிக்கிட்டு வந்திருக்கும். அங்கேயே பழக்கமானதோ என்னவோ!"

சிரிப்பு வேறு. டெல்டாவில் பிறந்த எங்களுக்கு மீன் தெரியும், நண்டு தெரியும், நூறு விதக் கொக்கு தெரியும். புலியை நாங்கள் காலண்டரில் பார்த்ததோடு சரி. தாய்ப்புலி திரும்பி வந்து யார் மேலாவது பாய்ந்தால் யார் பதில் சொல்வது? தம்பிக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. குட்டிகளைக் கூடையில் எடுத்து வைத்து வீட்டுக்குக் கொண்டு போகச் சொன்னேன். புலி ஆபீசர் வீடு இருக்கும்போது வேறு எங்கே கொண்டு போவது!

வாசலில் திருவிழாக் கூட்டம். ஆளாளுக்குச் செல்போனைத் தூக்கிக்கொண்டு உள்ளே வரப் பார்த்தார்கள். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தேன். தொண்டை கட்டியபிறகு உள்ளே போனால், வீடெல்லாம் சாம்பிராணிப் புகை.

எங்களோடு இருப்பவர் பிரகதாம்பாள் அத்தை, அப்பாவின் தங்கை. எங்கள் தெருவில் பிறந்த குழந்தைகளில் பாதிப் பேரைக் குளிப்பாட்டியது அவர் கைதான். காலை நீட்டி உட்கார்ந்து, மூன்று குட்டிகளையும் ஒவ்வொன்றாகக் காலில் கிடத்தி, மஞ்சள் போட்ட வெந்நீரில் குளிப்பாட்டி, துண்டால் துவட்டி, சாம்பிராணிப் புகையும் காட்டி முடித்திருந்தார். கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைக்க மையைக் குழைத்துக்கொண்டிருந்தபோது நான் போய் நின்றேன்.

"அத்தை! என்ன பண்றீங்க?"

"என்ன பண்றேன்? பச்சைப் புள்ளைங்கடி, உடம்பெல்லாம் சேறு. ஊரே வந்து பாக்குது, கண்ணு படாது?" என்று சொல்லிக்கொண்டே ஒன்றின் கன்னத்தில் பொட்டு வைத்தார்.

அந்த நேரம் பார்த்துத் தியாகராசனின் கார் வந்து நின்றது. கேஷவ் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தான். குட்டியைக் கையில் எடுத்தான், காதைப் பார்த்தான், வாலைப் பார்த்தான். அப்படியே சுவரில் சாய்ந்து சிரித்தான். பிறகு அது நனைந்திருப்பதைக் கவனித்ததும் சிரிப்பு நின்றது.

"இது புலியே இல்லை. காட்டுப்பூனை. குட்டியா இருக்கறப்ப கோடு இருக்கும், வளந்தா மறைஞ்சுடும். யாரு இதைக் குளிப்பாட்டுனது?"

"நான்தான். ஏன், தப்பா?" அத்தையின் குரல் இறங்கியது.

"குளிர்ல செத்துப்போயிடும் அத்தை! தாயோட வாசனையும் போச்சு. மனுஷன் தொட்டா தாய் விட்டுட்டுப் போயிடும்னு சொல்றது கதை, அதை நான் நம்பலை. ஆனா சாம்பிராணி? அதுக்கு நான் எந்தப் புஸ்தகத்தைப் பாக்குறது?"

அத்தை மை விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு, குட்டிகளை மடியில் போட்டு முந்தானையால் மூடிக்கொண்டார். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் அப்போதே போய்விட்டது.

வாசலில் விஷயம் பரவியது. புலி இல்லையாம், பூனையாம் என்று ஒரே ஏமாற்றம். தியாகராசன் மட்டும் மனம் தளரவில்லை. "பூனைன்னு வெளில சொல்லாதீங்க தம்பி. கோடு இருக்குல்ல, போட்டோ எடுத்துப் போட்டுட்டு நம்ம மனைக்கு டைகர் கார்டன்னு பேர் வெச்சுடலாம்" என்றார். கேஷவ் அவரை ஒரு பார்வை பார்த்தான்.

வனத்துறைக்குப் போன் செய்து பேசினான். அவர்களும் அவன் நினைத்ததையே சொன்னார்களாம். எடுத்த இடத்திலேயே குட்டிகளை வைத்துவிட வேண்டும். ஆள் நடமாட்டம் இருக்கக் கூடாது. பொழுது சாய்கிற நேரம் தாய் தேடி வரும். இன்றைக்கு வந்தால் உண்டு. பசியோடும் குளிரோடும் இன்னொரு இரவை அவை தாங்காது.

"அப்ப அந்த நடுத்திட்டை அறுக்கக் கூடாதுக்கா. அதுதான் அதுங்க வீடு" என்றான்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ! ஜெக்கரியா பாயின் மிஷினை அடுத்த ஊரில் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், சாயங்காலம் போனால் மறுபடி எப்போது வருமோ தெரியாது. மழை வந்தால் அந்தத் திட்டு படுத்துவிடும், படுத்த நெல் முளைத்துவிடும்.

"விக்கப் போற நிலத்துல நான் எதுக்குடா நெல்லை விடணும்? அதுங்களுக்கு அது வீடுன்னா எனக்கு அது என்ன? மலையில இருக்குற புலிக்கு நீ காடு கேக்குறே. இந்தப் பூனைக்கு நம்ம வயல்தானேடா காடு? அதை வெள்ளிக்கிழமை எழுதிக் குடுத்துட்டு நீ எந்தக் காட்டுக்குப் போய் எந்த மிருகத்தைக் காப்பாத்தப் போறே?"

கேஷவ் தலையைக் குனிந்துகொண்டான். தியாகராசன் வேறு பக்கம் பார்த்தார். அத்தையின் மடியிலிருந்து ஒரு குட்டி கீச்சென்று கத்தியது, சின்னக் கதவு திறக்கிற சத்தம் மாதிரி. அது என்ன பாவம் செய்தது? அதற்கு யார் பங்கு எது என்று தெரியுமா?

"திட்டு நிக்கட்டும் பாய். நீங்க கெளம்புங்க" என்று வாசலில் காத்திருந்த ஜெக்கரியா பாயிடம் சொன்னேன்.

"இந்தப் பக்கம் திரும்புனா வந்துடறேன் தங்கச்சி. இன்ஷா அல்லா, அதுங்க தாய் வரணும்" என்று சொல்லிவிட்டுப் போய் மிஷினை லாரியில் ஏற்றினார் அவர்.

குட்டிகளை மறுபடி துவட்டி, அத்தை முந்தானைச் சூட்டிலேயே வைத்துக் காய வைத்தார். கேஷவ் திட்டுக்குள்ளிருந்து அவை படுத்திருந்த நெல்தாளை ஒரு கைப்பிடி கொண்டு வந்து மூன்றின் மேலும் தேய்த்தான். பழைய இடத்திலேயே கொண்டு போய் வைத்தான். வைத்துவிட்டுத் திரும்பினால், வரப்பு முழுக்க ஊர். புலி இல்லை, பூனைதான் என்று தெரிந்த பிறகு யாருக்கும் பயம் இல்லை அல்லவா! நாயைக்கூடக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

என் தம்பி கையைக் கூப்பிக்கொண்டு கல்லூரியில் பேசுகிற பேச்சைத் தொடங்கினான். "அன்பார்ந்த பொதுமக்களே, வனவிலங்குகளின் வாழ்விடத்தில் நாம்..." ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. விசில் அடித்தார்கள். ஒரு பையன் செல்ஃபி எடுக்க வயலுக்குள்ளேயே இறங்கிவிட்டான்.

நான் வாய்க்கால் கரை வேப்ப மரத்தில் கிளையை ஒடித்தேன். கொல்லையில் இருந்த தேங்காய் நார்க் கொச்சக்கயிற்றை எடுத்து வந்து, குச்சி நட்டு, திட்டைச் சுற்றித் தொலைவாகக் கயிறு கட்டி, கொத்துக் கொத்தாக வேப்பிலையைச் செருகிக்கொண்டே போனேன். எங்கள் பக்கம் பிள்ளை பெற்ற வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவார்கள். அதைப் பார்த்தால் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள்கூடத் தெருவோடு நின்று குரல் கொடுத்துவிட்டுப் போவார்கள். கயிற்றின் கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு நிமிர்ந்து நின்றேன்.

"பாத்துக்குங்க! இது புள்ளை பெத்த வீடு. இந்த வேப்பிலையைத் தாண்டிக் கால் வைக்கிறவன் வைடா, பாக்கலாம்!"

கூட்டம் கப்சிப் ஆகிவிட்டது. செல்ஃபிப் பையன் தாவி வரப்பேறினான். பெண்கள்தான் முதலில் நகர்ந்தார்கள். "வாங்கடி, பாவம், பால் குடுக்குற நேரம்" என்று ஒருத்தி சொன்னாள். நாய்களை இழுத்துக்கொண்டு போய்க் கட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் ஊர் மொத்தமும் தார் ரோட்டுக்குப் போய், அங்கே மதகுக் கட்டையில் உட்கார்ந்துகொண்டது. தியாகராசனும் காரை ஓரங்கட்டிவிட்டு நின்றார். கேஷவ் என்னைப் பார்த்தான்.

"பதினோரு வருஷமா ஊர் ஊராப் பேசறேன்கா. இப்படி ஒரு கூட்டம் எனக்காக ஒரு அடி பின்னால போனதில்லை."

"நீ வேப்பிலை கட்டிப் பாத்தியா?"

நாங்கள் இருவரும் தூரத்து வரப்பில், வைக்கோல் போருக்குப் பின்னால் உட்கார்ந்தோம். அவன் கழுத்தில் பைனாகுலர். வெயில் இறங்கியது. திட்டுக்குள்ளிருந்து குட்டிகள் கத்துவது கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு கேட்கவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"அக்கா, நான் உன் கஷ்டத்தைப் பாத்துத்தான் விக்கறேன்னு சொன்னேன். எனக்குன்னு ஆசைப்பட்டு இல்லை."

"என் கஷ்டத்தை என்னைக் கேட்டியாடா? எனக்கு இந்த வயல் பிடிச்சிருக்கு. விடிஞ்சதும் இங்க வந்து நின்னாதான் நான் நானா இருக்கேன். இதை நீ ஒரு தடவையாவது கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அவன் பைனாகுலரைத் துடைத்துக்கொண்டிருந்தான். திடீரென்று என் கையைப் பிடித்து அழுத்தினான்.

வாய்க்கால் கரையில் கோரைப்புல் விலகியது. சின்ன நாய் உயரத்தில், நீளக் காலோடு, காது நுனியில் கறுப்புக் குஞ்சத்தோடு அது நின்றது. நம் வீட்டுப் பூனை மாதிரியே இல்லை. அறுத்த வயலைப் பார்த்தது. காலையில் கழுத்தளவு நெல் நின்ற இடம், இப்போது வெறும் தாளடி. மறைய ஒரு பொட்டு இடம் இல்லை. அடிமேல் அடி வைத்து வந்தது. வேப்பிலைக் கயிற்றை மோந்து பார்த்தது, அடியில் நுழைந்தது, திட்டுக்குள் போய்விட்டது.

ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு வெளியே வந்தது. மேற்கே நடந்தது. தியாகராசனின் மனைப் பக்கம்! வரப்பேறி, வெள்ளைக் கற்களுக்கு நடுவே கொஞ்ச தூரம் போய் நின்றது. இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது. ஒதுங்க ஒரு புதர் இல்லை. கொடிகள் காற்றில் படபடவென்று அடிக்க, குட்டியோடு அப்படியே தரையோடு தரையாகப் பதுங்கிவிட்டது. ரோட்டிலிருந்து ஒரு பெண், "ஐயோ, எங்க போவும் அது" என்று சொன்னது எங்களுக்கே கேட்டது.

கேஷவ் கண்ணிலிருந்து பைனாகுலரை எடுக்கவே இல்லை. பூனை எழுந்தது, வந்த வழியே திரும்பியது. தாளடியைக் குறுக்கே கடந்து, வாய்க்கால் ஓரக் கோரைக்குள் குட்டியை வைத்தது. கேஷவின் பங்கில். திரும்ப வந்து இரண்டாவதையும் அங்கேயே கொண்டு போனது.

மூன்றாவது மட்டும் பாக்கி. திட்டின் ஓரத்தில் அதை வெளியே இழுத்துப் போட்டு மோந்து பார்த்தது. தலையை உதறியது. தும்மியது. மறுபடி மோந்தது, விலகி நின்றது. அது அத்தை பொட்டு வைத்த குட்டி. எப்போது வந்தார் என்று தெரியவில்லை, அத்தை எங்கள் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"நான் நல்லதுன்னு நினைச்சுதானே செஞ்சேன். மாரியாத்தா, என்னால அந்தப் புள்ளை அநாதை ஆயிடக் கூடாது" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பூனை இரண்டடி போயிற்று. குட்டி கீச்சென்றது. பூனை திரும்பியது. குட்டியின் பக்கத்தில் படுத்து, அதன் கன்னத்தை நக்கத் தொடங்கியது. நக்கியது, நக்கியது, சாம்பிராணியும் மஞ்சளும் மையும் போகிற வரைக்கும் விடாமல் நக்கியது. பிறகு பிடரியைக் கவ்வித் தூக்கிக்கொண்டு ஓடியது. கோரை அசைந்தது, அடங்கியது.

ரோட்டில் ஒருத்தன் கை தட்ட, இன்னொருத்தன் அவன் மண்டையில் ஒன்று போட்டான். அத்தை தாளடியிலேயே உட்கார்ந்து கும்பிட்டார். நான் கயிற்றை அவிழ்க்காமல் அப்படியே விட்டுவிட்டு ரோட்டுக்கு வந்தேன். கேஷவ் எனக்கு முன்னால் நடந்தான்.

தியாகராசன் கார் கதவைத் திறந்தார். "நல்லபடியா முடிஞ்சுது தம்பி, எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. அப்ப வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஆபீசுக்கு வந்துடுங்க."

"அண்ணே, அந்த நிலத்துல குடி இருக்குண்ணே."

"குடியா? குத்தகைக்கு விட்டிருக்கீங்களா? சொல்லவே இல்லியே!"

"எனக்கே இப்பதான் தெரியும். கைப்புள்ளைக்காரி, மூணு புள்ளைங்க. உங்க மனையில இடம் இருக்கான்னு பாத்துட்டுத்தான் இங்க வந்தா, நீங்களும் பாத்தீங்க. எழுப்பிவிட எனக்கு மனசு வரலை. மன்னிச்சுடுங்க."

குடி இருக்கிற நிலத்தில் லேசில் கை வைக்க முடியாது என்று டெல்டாவில் மனை விற்கிறவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தியாகராசன் வாய்க்கால் பக்கம் ஒரு தடவை பார்த்தார். "படிச்ச புள்ளைன்னு நம்புனேன் பாருங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே ஏறிக் கதவைச் சாத்தினார்.

கார் போனது. நான் கேஷவிடம், "நாளைக்குக் கருக்கருவா எடுத்துக்கிட்டு வா. மழைக்கு முன்னால அந்தத் திட்டை நம்ம ரெண்டு பேரும் அறுத்துடணும். சத்தம் போடாம அறுக்கணும்" என்றுதான் சொல்ல நினைத்தேன். பாதிக்கு மேல் வரவில்லை. ஊர் பார்க்கிறதே என்றுகூடப் பார்க்காமல் நடுரோட்டில் நின்று அழுதேன்.

"நான்தான் விக்கலையேக்கா. அப்புறம் ஏன் அழுவுறே?"

"அதுக்குத்தான்டா அழுவுறேன், கழுதை" என்றேன்.